அப்பாவின் காலில் கேட்ட சத்தம்

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. நன்றியை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த நைட் டியூட்டி சிஸ்டருக்கு. இரண்டாம் நாள் ராத்திரி ஐசியுவுக்குள் அம்மாவை ஐந்து நிமிஷம் விட்டார்கள். போனதும் அப்பாவின் மணிக்கட்டைத்தான் பிடித்தார், நாடி அகப்படவில்லை, அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார். தொடை வழியாக ஏற்றிய அந்த இம்பெல்லா பம்ப், இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி மகாதமனிக்குள் நிற்காமல் விட்டுக்கொண்டே இருக்கும், விட்டுவிட்டுத் தள்ளாது, அதனால் கையில் துடிப்பு தட்டாமல் போகலாம் என்பதெல்லாம் அப்போது எங்களுக்கு எங்கே தெரியும்? சிஸ்டர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. காலுக்கு ரத்தம் போகிறதா என்று மணிக்கொரு தரம் பார்க்க வைத்திருந்த, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் சின்ன டாப்ளர் கருவியை எடுத்தார், பாதத்தில் ஜெல் தடவி வைத்து சத்தத்தைக் கூட்டினார். "கேளுங்கம்மா, ரத்தம் ஓடுது" என்றார். காற்று வீசுவதுபோல உஸ்ஸென்று ஒரு சத்தம். அம்மா குனிந்து அந்தக் கால்மாட்டிலேயே நின்றார், ஐந்து நிமிஷம் தாண்டியும் யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் விடிகிற வரைக்கும் சிஸ்டர் ஒவ்வொரு மணிக்கும் கண்ணாடிக் கதவுக்கு வந்து "ஓடுது" என்று வாயசைத்துவிட்டுப் போனார்.

டாக்டருக்கும் நன்றி. பம்ப் வைத்தால் பிழைத்துவிடுவார் என்று அவர் சொல்லவில்லை. மாரடைப்பில் இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் போனவர்களுக்கு இந்தப் பம்ப் உதவுமா என்று பார்த்த, 2024இல் வெளிவந்த டேஞ்சர் ஷாக் ஆய்வைச் சொல்லி, பம்ப் இல்லாதவர்களில் ஆறு மாதத்துக்குள் 58.5 சதவீதம் பேர் இறந்தார்கள், வைத்தவர்களில் 45.8 என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார், ரத்தக்கசிவும் காலுக்கு ரத்தம் போகாமல் போவதும் பம்ப் வைத்தவர்களுக்குத்தான் அதிகம் என்பதையும் கீழேயே எழுதினார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டனில் பத்து வருஷமாக அந்த ஆய்வுக்குச் சம்மதித்த குடும்பங்களை நினைத்துக்கொள்கிறேன். எங்களைப் போலத்தான் அவர்களும் வாசலில் நின்றிருப்பார்கள். தங்கள் ஆளுக்குப் பம்ப் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமலே சரி என்று கையெழுத்துப் போட்டவர்கள்.

இதய ரத்தக்குழாயின் அடைப்பை எடுத்த கேத் லேப் ஆட்கள், ஆம்புலன்ஸ் அண்ணன், நகையை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்த சித்தி, பிளாஸ்கில் கஞ்சி கொடுத்தனுப்பிய மாடிவீட்டு அக்கா, எல்லோருக்கும் நன்றி. ராத்திரி ஒரு மணிக்கு ரத்தம் கொடுக்க வந்த நான்கு கல்லூரிப் பையன்களின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானும் ரத்தம் கொடுப்பேன், இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சிஸ்டர், பம்பை எடுத்த அன்று உங்களுக்கு லீவு. நேற்று அப்பா அதே காலை ஊன்றி எங்கள் வீட்டு மூன்று படியும் ஏறினார், அம்மா அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார். அடுத்த வாரம் செக்கப்புக்கு வரும்போது உங்களைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.