தகட்டின் தடிமனை மட்டும் பார்த்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கண்ணிவெடியைத் தாங்கும் ராணுவ வாகனங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எடை, கவசத் தகட்டின் தடிமன், விலை எல்லாம் இருந்தன. வெடி வெடித்தால் உள்ளே இருப்பவர் எப்படிப் பிழைக்கிறார் என்பது மட்டும் இல்லை. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

தகடு எவ்வளவு கனமாக இருந்தாலும், வண்டியின் அடிப்பாகம் தட்டையாக இருந்தால் வெடிப்பின் வேகம் முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்ளும். அதைப் படகின் அடிப்பாகம் போல 'வி' வடிவில் குவித்து, தரையிலிருந்து நன்றாக உயர்த்திவிட்டால் பெரும்பகுதி இருபுறமும் சிதறிப் போய்விடும். தூரம் கூடக்கூட வெடிப்பின் அழுத்தம் வேகமாகக் குறையும். அதனால் அந்த உயரமே ஒரு கவசம். தென்னாப்பிரிக்காவின் காஸ்பிர் வண்டியைப் பாருங்கள். ஒரு சக்கரத்துக்கு அடியில் மூன்று டிஎம்-57 (சோவியத் டாங்க் எதிர்ப்பு வகை) கண்ணிவெடிகள், அதாவது சுமார் 21 கிலோ டிஎன்டி வெடிமருந்து, சேர்ந்து வெடித்தாலும் உள்ளே இருப்பவர்கள் பிழைக்கும்படி அதை வடிவமைத்தார்கள். சக்கரமும் அச்சும் பிய்த்துக்கொண்டு போகும். போகட்டும், வேறு மாட்டிக்கொள்ளலாம்.

விலை மிக அதிகம் என்று கட்டுரையாளர் குறைப்படுகிறார். தாமதத்தின் விலை அதைவிடப் பெரிது. இந்தத் தொழில்நுட்பம் 1970களிலேயே ரொடீசியாவிலும் (இன்றைய ஜிம்பாப்வே) தென்னாப்பிரிக்காவிலும் உருவாகிவிட்டது. அந்த நிறவெறி அரசுகள் நடத்திய போர்களை நான் நியாயப்படுத்தவில்லை. காஸ்பிர் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குள் அடக்குமுறைக்காகவும் ஓட்டப்பட்ட வண்டிதான். ஆனால் அதன் பொறியியல் உலகத்துக்கே தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் ஈராக்கில் அமெரிக்க வீரர்கள் தட்டையான அடிப்பாகம் கொண்ட ஹம்வீ என்ற ராணுவ ஜீப்பில்தான் அனுப்பப்பட்டார்கள். 2005 பிப்ரவரியில் மரைன் படையினர் 1,169 கண்ணிவெடி எதிர்ப்பு வாகனங்கள் அவசரமாக வேண்டும் என்று எழுத்தில் கேட்டார்கள். இந்த வண்டிகளை வாங்குவதே தன் துறையின் கொள்முதல்களில் முதல் வேலை என்று பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் அறிவித்தது 2007 மே மாதத்தில்! அப்புறம் 27,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் மளமளவென்று வந்தன. இடையில் இழந்த கால்களையும் உயிர்களையும் எந்தக் கணக்கில் எழுதுவது?

குறைகளும் உண்டு. உயரமான வண்டி என்பதால் எளிதில் கவிழும். பக்கவாட்டில் செம்புத் தகட்டைக் குண்டாக்கிப் பாய்ச்சும் வெடிகளுக்கு 'வி' வடிவம் பதில் இல்லை. ஆப்கானிஸ்தானின் கரடுமுரடான பாதைகளுக்கு ஒத்துவராததால், 2009-ல் எம்-ஏடிவி என்ற சிறிய வண்டியைத் தனியாகக் கொண்டுவர வேண்டியிருந்தது.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட விஷயம் இருக்கை. அது தரையோடு முடுக்கப்பட்டிருந்தால், வெடிப்பில் தரை எகிறும்போது அந்த அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். அதனால்தான் நல்ல வண்டிகளில் இருக்கையைச் சுவரிலோ கூரையிலோ தொங்கவிடுகிறார்கள். பாதங்களும் தரையில் படாதபடி தனித் தாங்கி வைக்கிறார்கள். இத்தனையும் செய்தாலும் பெல்ட் போடாதவர் தலை கூரையில் மோதும். கட்டாமல் வைத்த தோட்டாப் பெட்டி பக்கத்தில் இருப்பவரைத் தாக்கும். வண்டி கவிழும்போதும் இதே கதைதான்.

இந்த வண்டிகளில் போகும் வீரர்களும் அவர்கள் வீட்டாரும் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள். அடுத்த முறை இருக்கைக்கும் பெல்ட்டுக்கும் ஒரு பக்கமாவது, படத்தோடு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர்