வெள்ள நிவாரணப் படிவத்தில் வாடகை வீட்டுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

தமிழ்நாடு அரசின் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறைக்கும், வீட்டு வசதித் துறைக்கும் வணக்கம்.

வேலூர் கன்சால்பேட்டையில் எனக்கு ஒரு லைன் வீடு இருக்கிறது. அப்பா கட்டியது. நாலு போர்ஷன், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், பின்பக்கம் இரண்டு கழிப்பறை. எங்கள் குடும்பத்துக்குப் பாதி வருமானம் அந்த வாடகைதான். அதனால் இந்த மடலில் என் சுயநலமும் இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிக்கல்சன் கால்வாய் நிரம்பினால் தண்ணீர் எங்கள் தெருவுக்குத்தான் வரும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் ஓடிய நாட்களில் முழங்காலுக்கு மேல் நின்றது. அந்த மாதம் 19ஆம் தேதி பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள், அவர்களில் 4 பேர் குழந்தைகள். அந்தச் செய்தியைக் கேட்டதும் ஓடிப்போய் என் சுவரைத் தட்டிப் பார்த்தேன். மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர், ஈரம் குடித்து ஊதியிருந்தது. நாலு குடித்தனத்தையும் அன்றைக்கே காலி செய்யச் சொன்னேன். பீடி சுற்றும் ஒரு அம்மா, "அட்வான்ஸை இப்பவே தந்தாத்தானேப்பா வேற இடம் பாக்க முடியும்" என்றார். அந்த அட்வான்ஸ் அதற்கு முந்தின வருடம் மேல்தளம் ஒழுகியபோதே செலவாகிவிட்டது. கடன் வாங்கித்தான் கொடுத்தேன்.

தண்ணீர் வடிந்ததும் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். வீடு யாருடையது என்றார். என்னுடையது என்றேன். நீங்கள் இங்கே குடியிருக்கிறீர்களா என்றார். இல்லை. பாத்திரம் எடுக்க வந்திருந்த குடித்தனக்காரரிடம், வீடு உங்களுடையதா என்றார். அவரும் இல்லை என்றார். நோட்டு மூடிவிட்டது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து எழுத அவர் கையிலிருந்த தாளில் இடமே இல்லை.

பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 காலத்துக்கான விதிகளில் முழுதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், ஓரளவு சேதமான கெட்டி வீட்டுக்கு 6,500 ரூபாய். இந்த 6,500க்கு ஒரு சுவரின் பூச்சு வேலைகூட முடியாது, சரி, அதை விடுங்கள். இழந்த வாடகைக்கும், இடம் மாறிய குடித்தனத்துக்கும் அதில் ஒரு வரியும் இல்லை. மத்திய அரசு 2020 ஜூலையில் கொண்டுவந்த குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டமோ, புதிதாகக் கட்டுகிறவர் குறைந்தது 40 வீடாவது கட்ட வேண்டும் என்றது. நாலு போர்ஷன்காரன் எங்கே போவான்?

போவதற்கு ஓர் இடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடலே. வெள்ளம் வடிந்த மறுவாரம் என்னைத் தேடி முதலில் வந்தவர் ஒரு புரோக்கர். ஒன்று, இருக்கிற நிலையில் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்; இல்லையென்றால் டைல்ஸ் ஒட்டி, கட்டில் போட்டு, நாள் வாடகைக்கு விடுங்கள் என்றார். வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். பாபு ராவ் தெருவில் தொடங்கிய நாள் வாடகை அறைகள் சுற்றுவட்டாரத் தெருக்களுக்கும் பரவிவிட்டன. அந்தக் கணக்கில் பத்து நாள் வாடகை என் ஒரு மாத வாடகைக்குச் சமம். நோயாளிகளுக்கும் இடம் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் சில லைன் வீடுகள் இப்படி மாறிக்கொண்டே போனால், பீடி சுற்றுகிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் ஊருக்கு வெளியேதான் போக வேண்டும். அந்தப் புரோக்கரிடம் நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை. ஒரு வாரம் யோசித்தேன்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. 2005இல் கத்ரீனா புயல் அடித்தபோது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில்தான் இருந்தன. லூசியானா மாநில அரசு, ஒன்று முதல் நாலு குடித்தனம் வரை உள்ள சின்ன வாடகை வீடுகளுக்கென்றே தனித் திட்டம் போட்டது. அரசுப் பணத்தில் வீட்டைச் சீர் செய்துகொள்ளலாம், அதற்கு ஈடாகச் சில வருடங்கள் குறைந்த வாடகைக்குத்தான் விட வேண்டும். நல்ல யோசனை. ஆனால் முதலில் சொந்தப் பணத்தில் வேலையை முடி, ஆள் குடிவைத்த பிறகு பணம் தருகிறோம் என்றார்கள். கையில் காசில்லாமல்தானே மனு போட்டான்! திட்டம் இழுத்துக்கொண்டே போய், பிறகுதான் முன்பணம் கொடுக்கும் வழியைச் சேர்த்தார்கள். இங்கே செய்தால் அந்தத் தவறு வேண்டாம். அரசு வீட்டுத் திட்டங்களில் அடித்தளம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுத்து உங்களுக்குப் பழக்கம்தானே.

குடித்தனக்காரர்களுக்கு இடைக்கால வாடகை வேண்டும். 2024 ஜூலையில் நடந்த வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு கேரள அரசு இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வாடகை கொடுத்தது. அந்த அளவுக்கு முடியாவிட்டாலும் மூன்று மாதத்துக்காவது கொடுங்கள்.

எங்களைப் போன்ற சின்ன வீட்டுக்காரர்களுக்கு மானியம் கலந்த கடன் கொடுங்கள், கூடவே நிபந்தனையும் போடுங்கள். பழைய குடித்தனக்காரருக்கே முதல் உரிமை. ஐந்து வருடம் வாடகை ஏற்றக் கூடாது. மாத வாடகை மட்டும்தான். தரைமட்டத்தைப் போன வெள்ளக் குறிக்கு மேலே உயர்த்த வேண்டும். ஒப்பந்தத்தை 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி பதிய வேண்டும். மீறினால் கொடுத்ததை வட்டியோடு வாங்குங்கள். கால்வாய்ப் புறம்போக்கில் கட்டியவருக்கு இதில் ஒரு பைசா கொடுக்கக் கூடாது. அங்கே பணம் போட்டால் அடுத்த மழைக்குத் தண்ணீர் இன்னும் உள்ளே வரும். அப்புறம், வெள்ளத்துக்குப் பிறகு மலிவாக வாங்கிப் போட்டவர் பழைய உரிமையாளர் பெயரில் மனு கொடுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் நாலு போர்ஷனில் மூன்றை எப்படியோ சரி செய்துவிட்டேன். பீடி சுற்றும் அம்மா திரும்பி வந்துவிட்டார். நாலாவது இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் என் பெயரில் இருக்கின்றன. நீங்கள் படிவம் அச்சடித்தால் முதல் மனு என்னுடையது.

இப்படிக்கு,
கன்சால்பேட்டை வீட்டுக்காரன்