அச்சு இயந்திரத்துக்கு முன் ஓர் அலுமாரி

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில், பலகை, தகடு, கல் ஆகியவற்றில் மை தடவித் தாளில் படம் எடுக்கும் அச்சோவியக் கூடம் ஒன்று வேண்டும் என்று தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் நான். அந்தக் கோரிக்கையை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இயந்திரத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அச்சிட்ட தாளை எங்கே வைப்பது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இந்த ஊரில் அதுதான் முதற் கேள்வி.

எங்கள் காற்றைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தாள் மொறுமொறுவென்று காய்கிறது. மார்கழி வாடையில் அதே தாள் ஈரம் குடித்து நெளிகிறது. கடற்காற்றின் உப்பு ஈரத்தை மேலும் இழுக்கும்; குண்டூசியும் ஆணியும் துருப்பிடித்து, அந்தத் துரு தாளில் இறங்கும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். மாரி முழுக்க இங்கே அப்படித்தான் நிற்கிறது.

நகரிலுள்ள ஒரு பொதுக் கட்டடத்தில் உயர்தர மாணவர்கள் லினோலியத் தகட்டில் செதுக்கி எடுத்த லினோ அச்சுகளைப் பிறேம் போட்டு மாட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்று கோணேசர் மலை. பாறை வெடிப்புகளை ஒவ்வொரு கீறலாக எடுத்திருந்தாள் அந்தப் பிள்ளை. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே, படம் கண்ணாடியில் படாமல் தடுக்கும் அட்டைச் சட்டம் வைக்கவில்லை. பின்னால் ஹாட்போட், நான்கு மூலையிலும் செலோடேப். ஒரு மாரி கழிந்து கழற்றினால், உள்ளே வியர்த்த ஈரத்தில், நீரில் கரையும் அந்த மை இளகி, மலையில் பாதி கண்ணாடியோடு வந்துவிட்டது. டேப் ஒட்டிய இடமெல்லாம் மஞ்சள் கறை. இன்னொன்றைப் பாதுகாப்பு என்று நினைத்து லெமினேட் செய்துவிட்டார்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் இனி உரித்தெடுக்க வழியில்லை. செய்தவர்கள் அக்கறையோடுதான் செய்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போனதே என்பதுதான் என் வேதனை.

தாள் என்றால் அழியத்தானே செய்யும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒல்லாந்தரான பால்டேயஸ் பாதிரியார் இலங்கையைப் பற்றி எழுதி 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலின் செப்புத்தகட்டுப் படங்கள் இன்றும் நூலகங்களில் தெளிவாக இருக்கின்றன. அவை கந்தைத்துணிக் கூழில் செய்த தாளில் அச்சானவை. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் மலிவான மரக்கூழ்த் தாள். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் தாளைத் தாமாகவே பழுப்பாக்கும். அதற்குக் கூடுதல் கவனிப்பு வேண்டாமா?

நல்ல கூடங்கள் அச்சிடுவதையும் காப்பதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அமெரிக்க ஓவியர் ஜூன் வெய்ன் 1960இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி, பின்னர் நியூ மெக்சிகோவுக்கு மாறிய டாமரிண்ட் கல்லச்சுக் கூடத்தில் அச்சான படங்களின் பிரதிகள் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் சேர்ந்து, இன்று பெரிய ஆவணத் தொகுப்பாக இருக்கின்றன. தமிழ்நாட்டுத் தேவகோட்டைக்காரரான அச்சோவியர் ஆர்.எம். பழனியப்பன் அந்தக் கூடத்தில் பயின்றவர் என்பது நமக்கும் பெருமை.

இங்கே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கடலைப் பார்க்காத பக்கத்தில், வெள்ளம் ஏறாத மேல்மாடியில் ஓர் அறை. தாளை மடிக்காமல் கிடத்தி வைக்க அகலமான லாச்சிகள் கொண்ட இரும்பு அலுமாரி ஒன்று, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி. ஓர் ஈரப்பதமானி. அமிலமற்ற அட்டை. ஒவ்வொரு படத்தையும் அச்சிடும்போது அதில் ஒரு பிரதி கூடத்துக்கு என்று முதல் நாளே விதி எழுதிவிட வேண்டும். லினோவுக்கு இயந்திரம்கூட அவசரமில்லை, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தே நல்ல அச்சு எடுக்கலாம். கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்துத் திரும்பும் நம் பிள்ளைகள் சிலருக்குத் தாள் பராமரிப்பில் பயிற்சி கொடுத்தால், பொறுப்பை அவர்களிடமே விடலாம்.

அதுவரை பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன் அச்சுகளைப் பிறேமிலிருந்து கழற்றுங்கள். ஒட்டியிருக்கும் டேப்பை இழுத்துப் பிய்க்க வேண்டாம், தெரிந்தவர் வரும்வரை அப்படியே இருக்கட்டும். திரும்ப மாட்டும்போது கண்ணாடிக்குள் அட்டைச் சட்டம் வையுங்கள். கோதுமை மாவைப் பிசைந்து கழுவி எடுத்த மாப்பொருளில் பசை காய்ச்சி, மெல்லிய தாள்துண்டு இரண்டால் மேல் விளிம்பை மட்டும் பின் அட்டையோடு ஒட்டுங்கள். மற்ற மூன்று பக்கமும் தாள் அசைய இடம் இருக்க வேண்டும். வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
திருகோணமலை.