உன் கிரேடர் பற்றி அவசரமாக

அன்புள்ள நண்பா,

மூணு மாசமா பதில் போடலைன்னு நீ திட்டினது நியாயம்தான். மன்னிச்சுக்கோ. ஆனா நீ அனுப்பின ஆன்லைன் பைத்தான் புரோகிராமிங் பாடத்திட்டத்தையும், பசங்க புரோகிராமைத் தானாத் திருத்தி மார்க் போடற உன் கிரேடரையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியல.

முதல் வாரமே லிஸ்ட், டிக்‌ஷனரி, கிளாஸ்னு அடுக்கியிருக்கே. உன் அவசரத்தைப் பத்தி லேப் அண்ணன் அன்னிக்கே சொன்னார்! வேரியபிள், இன்புட், இஃப், இது மூணே போதும்டா. இன்புட்ல எதைத் தட்டினாலும் ஸ்டிரிங்காத்தான், அதாவது எண்ணா இல்லாம வெறும் எழுத்தாத்தான் உள்ள போகும். 5, 3 வாங்கிக் கூட்டினா 53 வரும். ரன் பண்றதுக்கு முன்னாடி என்ன வரும்னு பசங்களை எழுத வை.

என் கவலை உன் கிரேடர் மேலதான். ஆன்லைன்ல பக்கத்துல நின்னு பார்க்க ஆளில்ல. அது சொல்றதுதான் அவங்களுக்கு வேதம். நீயோ பிரிண்ட் ஆனதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடறே. 0.1-ஐ பைனரியில முழுசா எழுத முடியாது, அதனால 0.1, 0.2 கூட்டினா 0.30000000000000004 வரும். 0.3-ஐ எதிர்பார்க்கற கிரேடர் சரியான புரோகிராமைத் தள்ளிடும். பாவம், முதல் வருஷப் பிள்ளை ராத்திரி முழுக்க இல்லாத தப்பைத் தேடும். இன்னொரு பக்கம், டெஸ்ட் கேஸ் எல்லாம், அதாவது நீ சோதிக்கக் கொடுக்கற இன்புட்டும் அதுக்கான விடையும், வெளியில தெரிஞ்சா, விடையையே பிரிண்ட் பண்ணி முழு மார்க் வாங்கிடலாம்.

அதனால விடையை பிரிண்ட் பண்ணாம, ஃபங்ஷன் எழுதி ரிட்டர்ன் பண்ணச் சொல்லு. தசம விடையை மேத் மாட்யூல்ல இருக்கற இஸ்குளோஸ் (isclose, ரெண்டு எண் போதுமான அளவு நெருக்கமான்னு பார்க்கறது) வச்சு ஒப்பிடு. எதிர்பார்க்கற விடை 0-ன்னா மட்டும் ஆப்ஸ்டால் (abs_tol, எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கற அளவு) கண்டிப்பா கொடுக்கணும். அது தானா 0-வாத்தான் இருக்கும், அப்போ 0.000000000001 வித்தியாசத்தைக்கூட ஏத்துக்காது. மூணு கேஸை வெளியில காட்டு, ஏழு கேஸை மறைச்சு வை.

மறைக்கறதையும் பார்த்துத் தேர்ந்தெடு. டிகிரியில கோணம் வாங்கற கணக்குக்கு நீ 0-வை மட்டும் வச்சிருக்கே. அதை ரேடியனா (பைத்தானோட சைன் கேக்கற கோண அளவு) மாத்த மறந்தவனும் அதுல பாஸ் ஆயிடுவான். 30 கொடுத்தா சைன் 0.5-க்குப் பதிலா -0.988 வரும், குட்டு உடையும். இருபடிச் சமன்பாட்டுக்கு மூலமே மெய்யெண்ணா வராத ஒரு கேஸும், முதல் கெழு (x²-க்கு முன்னாடி வர்ற எண்) 0-வா ஒரு கேஸும் சேரு.

திருத்தின கேஸ்களை ஞாயிறுக்குள்ள அனுப்பு, உடைச்சுப் பார்த்துச் சொல்றேன். வீட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்