ரங்கூனிலிருந்து மகளுக்கு: உளுந்து விலையும் உளவியலும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

உளவியலோடு, தொழில்களைத் தலைகீழாக்கும் டிஜிட்டல் தொழில்நுட்பங்களையும் ஒரு பாடமாக எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். மனத்தைப் படிக்கிறவளுக்குக் கணினி எதற்கு என்று உன் பெரியப்பா கேட்கிறார். பயிந்நௌங் மொத்தச் சந்தையில் உளுந்துக் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

நம் உளுந்தைப் பெருமளவில் வாங்குவது இந்தியா. 2017 ஆகஸ்டில் அங்கே இறக்குமதிக்கு உண்மையாகவே கட்டுப்பாடு வந்தது. அதிலிருந்து "மறுபடியும் தடை வரப்போகிறது" என்று யார் சொன்னாலும் சந்தை நடுங்குகிறது. முன்பெல்லாம் அத்தகைய பேச்சு தேநீர்க் கடையில் ஒரு தரகர் வாயிலிருந்து வரும். அவர் கையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். இப்போது அதே பேச்சு, வைபர் என்ற கைபேசிச் செயலியில் ஐந்து குழுக்களில் வந்து விழுகிறது. ஒரே வாய் சொன்னதை ஐந்து சாட்சிகள் சொன்னதாக எடுத்துக்கொண்டு, விவரம் தெரிந்த வியாபாரிகளே மதியத்துக்குள் விலையைக் குறைத்து விற்றுவிடுகிறார்கள்.

நீ அனுப்பிய பாடக் குறிப்புகளில் இதற்கு 'மாய உண்மை விளைவு' என்று பெயரே இருக்கிறது. உளவியலாளர் லின் ஹேஷரும் அவருடைய சகாக்களும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வார இடைவெளிகளில் திரும்பத் திரும்பக் கேட்ட கூற்றுகளை மாணவர்கள் மேலும் மேலும் உண்மையென மதித்தார்கள். ஆனால் அவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். மேற்கத்திய, படித்த, வசதியான மனிதர்களைச் சோதித்துவிட்டு மனித குலம் முழுவதையும் பற்றி முடிவு சொல்கிறார்கள் என்று ஜோசப் ஹென்ரிக்கும் இன்னும் இருவரும் 2010இல் எழுதியதும் உன் குறிப்பிலேயே உள்ளது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பக்கம்தான்.

ஏனென்றால் இங்கே கைபேசி வந்த விதமே வேறு. ஒரு காலத்தில் லட்சக்கணக்கான கியாத் விலை சொன்ன சிம் அட்டை, 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தபோது 1,500 கியாத்துக்குக் கிடைத்தது. கணினியையோ மின்னஞ்சலையோ தொட்டிராத மக்கள் நேராகப் பேஸ்புக்குக்குள் நுழைந்தார்கள். பலருக்கு இணையம் என்றாலே அதுவாகத்தான் இருந்தது. ரோஹிங்கியா மக்கள் மீதான வெறுப்பு அங்கே எப்படிப் பரவியது என்பதை உலகமே பேசியது; வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று அந்நிறுவனமே 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டது. வணிகப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1990களில் சொன்ன கோட்பாடு, மலிவான பொருள் கீழிருந்து வந்து பெரிய நிறுவனங்களை எப்படி வீழ்த்துகிறது என்பதை விளக்குகிறது. அந்த மலிவான பொருளை வாங்கியவனின் மனம் என்ன ஆனது என்று கேட்பது அதன் வேலையன்று. அது உன் வேலை.

ஆகவே இறுதியாண்டு ஆய்வுக்கு, உன் வகுப்பில் பலரும் எடுக்கிற தலைப்பை எடுக்காதே. ஒரே செய்தி பல குழுக்களிலிருந்து வரும்போது எங்கள் வியாபாரிகள் அதை எப்படி எடைபோடுகிறார்கள் என்று பார். அவர்களோடு பர்மிய மொழியிலும் தமிழிலும் பேசத் தெரிந்த மாணவி உன் வகுப்பில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் சம்மதம் கேட்காமல் ஒரு கேள்வியும் வேண்டாம். 2012இல் ஏறக்குறைய 6,89,000 பேரின் பேஸ்புக் பக்கங்களில் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ அவர்களுக்குத் தெரியாமல் குறைத்து நடத்திய சோதனையை நீ படித்திருப்பாய்; அந்த வழி நமக்கு ஆகாது.

கேள்விகளைப் பர்மிய மொழியில் எழுதி, உன் பேராசிரியரிடம் காட்டிவிட்டு எனக்கு அனுப்பு. பெயரோ கடை எண்ணோ கேட்காதே; இன்றைய நிலைமையில் அவற்றை யாரும் எழுதித் தர மாட்டார்கள். புது உளுந்து வரத்துத் தொடங்கிவிட்டால் ஒருவருக்கும் நின்று பேச நேரம் இருக்காது என்பதால், அதற்கு முன்பே அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா