அண்ணிக்கு, முழங்கால் சிகிச்சையின் 12ஆம் நாளில்

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்றுத் தொலைபேசியில் உங்கள் குரல் மிகவும் தளர்ந்திருந்தது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 12 நாள்கள் ஆகியும் வாக்கரைப் பிடித்தே நடக்க வேண்டியிருக்கிறது என்றும், பார்க்க வருபவர்கள் எல்லோரும் "எங்கள் வீட்டில் பத்தே நாளில் மாடி ஏறிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்றும் வருந்தினீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே சிகிச்சை செய்துகொண்டவள் என்ற முறையில், பேச்சில் சொல்லி முடியாதவற்றை எழுதுகிறேன். உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் பிறருக்கும் உதவும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். தவறாக நினைக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் முழங்காலில் பொருத்திய உலோகமும், அதன் நடுவே வைத்த பாலிஎதிலின் என்னும் பிளாஸ்டிக் தகடும் முதல் நாளிலிருந்தே உங்கள் எடையைத் தாங்கும். அதனால்தான் மறுநாளே எழுப்பி நடக்கவைத்தார்கள். காலம் எடுத்துக்கொள்வது உலோகம் அன்று, அதைச் சுற்றி வெட்டித் தைத்த தசையும் சவ்வும் தோலும்தான். வீக்கமும், தொட்டால் தெரியும் இளஞ்சூடும் மூன்று மாதம் வரை, சிலருக்கு ஆறு மாதம் வரைகூட இருக்கும். முழுமையாகத் தேறுவதற்கு ஓராண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 12ஆம் நாளில் வாக்கரோடு நடப்பது பின்தங்கல் அன்று. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

நான் செய்த ஒரு தவற்றை மட்டும் நீங்கள் செய்துவிடக் கூடாது. முதல் மூன்று வாரம் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தேன். எவரும் தடுக்கவில்லை, எனக்கும் சுகமாக இருந்தது. வீங்கிய மூட்டு சற்று மடங்கியிருக்கும்போதுதான் உள்ளே தேங்கிய நீருக்கு இடம் கிடைக்கிறது. அந்தச் சுகத்தின் காரணம் அவ்வளவுதான். ஆனால் மடங்கிய நிலையிலேயே பின்பக்கச் சவ்வும் தொடைத் தசையும் இறுகிப்போகின்றன. ஒரு நாள் பிசியோதெரபிஸ்ட் என்னைக் காலை நீட்டச் சொல்லி, முழங்காலுக்கும் மெத்தைக்கும் இடையில் தம் கையை நுழைத்தார். உள்ளங்கை முழுவதும் தடையின்றி உள்ளே போயிற்று. அந்த இடைவெளியை மூட எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கால் நேராக நீளாவிட்டால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை களைத்துப்போகும், நொண்டலும் நிலைத்துவிடும். எனவே பழைய துண்டு ஒன்றைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் தொங்கித் தானாகக் கீழே இறங்கட்டும். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும், அதுவே நீண்ட நேரமாகத் தோன்றும்.

மடக்குவதற்கும் இதே பொறுமைதான் வேண்டும். நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழுவதற்கு 90 பாகைக்குக் குறையாமல் மடங்க வேண்டும். குதிகாலுக்கு அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் பையை விரித்து மெத்தையில் மெல்ல இழுத்துப் பழகினால் உராய்வு குறையும். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பாகச் சாப்பிடுங்கள். மாத்திரையைத் தவிர்த்துப் பல்லைக் கடித்துக்கொள்வதைச் சிலர் மனவுறுதி என்று நினைக்கிறார்கள். வலி மிகுந்தால் பயிற்சிதான் நின்றுபோகும். பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பேக்கைக் கால்மணி நேரம் வைத்து, காலை இதயத்தைவிட உயரமாக வைத்துப் படுங்கள். அப்போதும் தலையணை கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில்தான். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

தழும்பின் வெளிப்பக்கத்தில் மரத்துப்போயிருப்பதாகச் சொன்னீர்கள். அங்கே ஓடும் சிறு தோல் நரம்பு அறுபடுவதால் அப்படி இருக்கிறது. காலப்போக்கில் மரத்த இடத்தின் பரப்பு குறையும். சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும், எனக்கும் மிஞ்சியிருக்கிறது. இரவில் தூக்கம் வராமல் தவிப்பதும் முதல் சில வாரங்களுக்கு உண்டு. ஆனால் கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, என் கடிதத்தையோ பக்கத்து வீட்டாரின் யோசனையையோ நம்பியிராமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

மார்கழிக்குள் வாசலில் உட்கார்ந்து கோலம் போட முடியுமா என்று கேட்டபோது பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். குத்துக்காலிட்டு உட்காருவதும் சம்மணமிடுவதும் இந்த மூட்டுக்கு ஒத்துக்கொள்ளாது என்று என் மருத்துவர் சொல்லியிருந்தார், நானும் விட்டுவிட்டேன். நாற்பது ஆண்டுகளாக விடியலில் வாசல் தெளித்தவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும், அண்ணி. உங்கள் மருத்துவர் சம்மதித்தால், நன்றாகத் தேறிய பிறகு உயரமான முக்காலியில் அமர்ந்து, முற்றத்துத் திண்ணையின் மேல் சிறிய புள்ளிக் கோலம் போடலாம். நான் இப்போது அப்படித்தான் போடுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். அதற்குள் தையல் பிரித்திருப்பார்கள். வந்ததும் முதல் வேலையாக உங்கள் முழங்காலுக்கு அடியில் கை நுழைத்துப் பார்ப்பேன். அங்கே தலையணை வைத்திருந்தால் அதை இன்றே அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்