மவுண்ட் ஆகவில்லை என்பதற்காக இமேஜை அழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்கள் கைமாறி, லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இடிபட்டு, ஜனங்கள் டவுனுக்கு வந்துவிட்ட பிறகு, பழைய படங்கள், பள்ளிப் பதிவேடுகள், 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு ரசீதுகள் என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்து வைத்தோம். அத்தனையும் லினக்ஸ் சர்வரில் ஓடும் ஒரு மெய்நிகர் கணினிக்குள் (மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி), அதன் டிஸ்க் முழுவதையும் அடக்கிய ஒரே பெரிய இமேஜ் கோப்பாக இருந்தது. சர்வரை மாற்றப் போனபோது, வேலைக்கு வந்த கடைக்காரர் அந்த இமேஜை மவுண்ட் செய்து (உள்ளே இருக்கும் கோப்புகள் தெரியும்படி இணைத்து) பார்த்தார், சூப்பர்பிளாக் (கோப்பு முறையின் விவரம் இருக்கும் இடம்) சரியில்லை என்று பிழை வந்தது, உடனே "டேட்டா போச்சுங்க, அழிச்சிடலாம்" என்றுவிட்டார். டேட்டா எங்கேயும் போகவில்லை!

அந்தப் பிழைக்குப் பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. மெய்நிகர் கணினியின் இமேஜ் என்பது ஒரு முழு ஹார்டு டிஸ்க். முதலில் பார்ட்டிஷன் அட்டவணை (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல்) இருக்கும், கோப்புகள் இருக்கும் பகுதி கொஞ்சம் தள்ளித்தான் தொடங்கும். அந்த இடத்தைச் சொல்லாமல் முழு இமேஜையும் மவுண்ட் செய்வது, லயத்தில் பக்கச் சுவரைத் தட்டிவிட்டு வீட்டில் ஆள் இல்லை என்று திரும்புகிற மாதிரிதான். எஃப்டிஸ்க் கட்டளையால் இமேஜைப் பார்த்தால் பார்ட்டிஷன் எந்த செக்டரில் (பொதுவாக 512 பைட் கொண்ட துண்டு) தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். இப்போதைய லினக்ஸில் பொதுவாக 2048, பழைய இமேஜ்களில் 63. அதை 512-ஆல் பெருக்கினால் 1048576 அல்லது 32256 பைட், அந்த எண்ணை மவுண்ட் கட்டளையில் ஆஃப்செட் (தொடங்கும் இடம்) என்று கொடுத்தால் போதும். கணக்குப் போட அலுப்பாக இருந்தால் இமேஜ் கோப்பை டிஸ்க் போலக் காட்டும் லோசெட்டப் கட்டளையில் பெரிய எழுத்து 'பி'யைச் சேருங்கள், பார்ட்டிஷன்களை அதுவே பிரித்துக் காட்டும். லினக்ஸ் இல்லாமல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் ஓடும் சர்வர் என்றால் இந்த வேலைக்கு எம்டிகான்ஃபிக் கட்டளை இருக்கிறது.

எஃப்டிஸ்க்கில் பார்ட்டிஷனே தெரியவில்லையா? அப்போதும் பதற வேண்டாம். கோப்பின் பெயரில் இமேஜ் என்று இருந்தாலும் உள்ளே கெமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளின் கியூகவ்2 வடிவமாக இருக்கலாம், அதைக் கெமு-இமேஜ் கருவியின் இன்ஃபோ கட்டளை சொல்லிவிடும். கியூகவ்2 என்றால் மேலே சொன்ன லூப் மவுண்ட் வேலைக்காகாது, லினக்ஸில் என்பிடி மாட்யூலை ஏற்றிவிட்டு கெமு-என்பிடி வழியாக இணைக்க வேண்டும். உள்ளே எல்விஎம் (டிஸ்க் இடத்தைக் குழுவாகச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு) இருந்தால் அதன் வால்யூம் குரூப்பை ஆக்டிவேட் செய்த பிறகுதான் அது கண்ணில் படும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது அதே இமேஜை வெளியிலிருந்தும் எழுதும் உரிமையோடு மவுண்ட் செய்தால், இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று தெரியாமல் எழுதி, நல்லபடியாக இருந்த கோப்பு முறை நிஜமாகவே நாசமாகிவிடும். முதலில் அதை நிறுத்துங்கள், இமேஜை நகல் எடுங்கள், அப்புறம் நகலைத் தொடுங்கள். ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) என்று போட்டாலே பத்திரம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் அப்படிப் போட்டாலும் பாக்கி இருக்கும் ஜர்னலை (இன்னும் முடியாத மாற்றங்களின் குறிப்பை) அது இமேஜில் எழுதிவிடும், கூடவே நோலோட் என்றும் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் தமிழில் எழுதி வைத்திருந்தால் அன்றைக்கு எங்கள் சங்கத்தில் யாராவது ஒருவர் கடைக்காரரைத் திருப்பிக் கேட்டிருப்பார். உங்கள் பத்திரிகையில் வாரம் அரைப் பக்கமாவது சர்வர் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள் ஐயா, நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறார்கள், கேட்டால் எழுதுவார்கள். கோயில், பள்ளி, சங்கப் பொறுப்பாளர்களும் கணினி வேலைக்கு ஆள் வைக்கும்போது, எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் எந்த இமேஜையும் அழிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், சுங்கை சிப்புட், பேராக்